அசையாத படம் அசைந்த கதை

திருவிழாவில் சின்னப் பையன்கள் கொள்ளிக்கட்டையைச் சுழற்றி விளையாடுவார்கள். வேகமாகச் சுழற்றினால் என்ன தெரிகிறது? நெருப்பு ஒரு புள்ளியாகத் தெரிவதில்லை. வட்டமாகத் தெரிகிறது. அங்கே வட்டம் ஏதும் இல்லை. ஒரே ஒரு நெருப்புப் புள்ளிதான் இருக்கிறது. கண் கண்ட ஒளி உடனே மறைந்துவிடுவதில்லை. ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் கண்ணிலேயே நிற்கிறது. அதற்குள் நெருப்பு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. அதனால் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து வட்டம் ஆகின்றன.

சினிமாவுக்கு அடிப்படை இதுதான். கூடவே இன்னொன்றும் உண்டு. கொஞ்சம் கொஞ்சம் மாறிய படங்களை வேகமாக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், மூளை அவற்றைத் தனித்தனிப் படமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே அசைவாகச் சேர்த்துக்கொள்கிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பறவையை வரையுங்கள். இறக்கை மேலே இருக்கட்டும். அதற்கு முந்திய பக்கத்தில் அதே இடத்தில் அதே பறவை. இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். இப்படி இருபது பக்கம் வரையுங்கள். பிறகு கட்டை விரலால் பக்கங்களை மளமளவென்று விடுங்கள். பறவை பறக்கும். படம் வரைய வராதவர்கள் ஒரு கோடும் ஒரு பந்தும் வரைந்தால் போதும். பந்து துள்ளும்.

குதிரையின் நான்கு கால்

ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு கேள்வி இருந்தது. குதிரை ஓடும்போது நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? சிலர் எழும்பும் என்றார்கள். சிலர் எழும்பாது என்றார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. குதிரை அவ்வளவு வேகம்.

1878-ல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓட்டப் பாதை ஓரமாக 12 காமிராக்களை வரிசையாக வைத்தார். பாதையின் குறுக்கே நூல்களைக் கட்டினார். குதிரை ஓடி வந்தது. நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஒவ்வொரு நூல் அறும்போதும் ஒரு காமிரா படம் எடுத்தது. கழுவிப் பார்த்தால் ஒரு படத்தில் நான்கு கால்களும் தரையில் இல்லை! கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்தப் படங்களை வரிசையாகச் சுழற்றிக் காட்டியபோது குதிரை ஓடவும் செய்தது.

ஆனால் ஒரு கதை எடுக்க எத்தனை காமிரா வைப்பது? ஒரே காமிராவில் பல படம் எடுக்க வேண்டும். அதற்குக் கண்ணாடித் தகடு உதவாது. வளைந்து சுருளக்கூடிய பொருள் வேண்டும். அந்தப் பொருள்தான் பிலிம். அமெரிக்காவில் எடிசன் கூடத்தில் 35 மில்லிமீட்டர் அகலப் பிலிமைப் பயன்படுத்தினார்கள். இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னத் துளைகள். ஒரு படத்துக்கு ஒரு பக்கம் நான்கு துளை. பின்னாளில் நூறாண்டுக்கும் மேலாக உலகம் முழுவதும் சினிமா எடுத்தது இந்த அளவில்தான். ஆனால் எடிசனின் பெட்டியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் குனிந்து பார்க்க முடியும். நம் ஊர்த் திருவிழாக்களில் பயாஸ்கோப்புப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பது போல.

பலரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும்படி செய்தவர்களில் பெயர் பெற்றவர்கள் பிரான்சு நாட்டு லூமியர் சகோதரர்கள். 1895 டிசம்பர் 28-ல் பாரிசு நகரில் ஒரு காப்பிக் கடையின் கீழ்த்தளத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள்.

அடுத்த ஆண்டே அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1896 ஜூலை 7-ல் பம்பாயில் வாட்சன் ஓட்டலில் முதல் காட்சி. ஆறு சின்னப் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் ஓடும். கட்டணம் ஒரு ரூபாய். அன்றைய ஒரு ரூபாய் கூலிக்காரர் பல நாள் உழைத்துச் சேர்க்கும் பணம். சில நாளில் படம் நாவல்ட்டி தியேட்டருக்கு மாறியது. அங்கே நாலணா முதல் இரண்டு ரூபாய் வரை டிக்கட் வைத்தார்கள். பர்தா போடும் பெண்களுக்குத் தனி இடமும் ஒதுக்கினார்கள்.

தெற்கே இதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையைக் கட்டினார்.

இவை எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்கள். நம் நாட்டுக் கதையை, நம் நாட்டு ஆட்களை வைத்து எடுக்க ஒருவர் வரவேண்டியிருந்தது.

நகை போனது, படம் வந்தது

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870-ல் நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறந்தார். ஓவியம் படித்தார். புகைப்படம் எடுத்தார். தொல்பொருள் துறையில் வேலை பார்த்தார். சுதேசி இயக்கக் காலத்தில் அரசு வேலையை விட்டார். அச்சகம் வைத்தார். கூட்டாளிகளோடு மனத்தாங்கல் வந்தது. அதையும் விட்டார். கையில் தொழில் இல்லை. வயதோ நாற்பது.

1911-ல் பம்பாயில் ஒரு கொட்டகையில் ஏசுநாதரின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்தார். திரையில் ஏசுவைப் பார்க்கப் பார்க்க அவர் மனத்தில் இராமனும் கிருஷ்ணனும் வந்து நின்றார்கள். நம் கதைகளை இப்படி எப்போது பார்ப்போம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. மனைவி சரஸ்வதிபாயையும் அழைத்துப்போய்க் காட்டினார். கொட்டகையில் படம் காட்டும் கருவி எப்படி ஓடுகிறது என்றும் காட்டினார்.

அன்று முதல் இரவும் பகலும் இதே வேலை. படம் பார்ப்பது, புத்தகம் படிப்பது, வீட்டில் பொம்மைக் கருவியை வைத்துப் பழகுவது. தூக்கம் இல்லை. கண் கெட்டது. சில காலம் பார்வையே போய்விட்டது. மருத்துவம் செய்து பார்வை திரும்பியதும் மறுபடி அதே வேலையில் உட்கார்ந்தார். உறவினர்கள் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பால்கே ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்தார். 1912-ல் லண்டன் போனார். இரண்டு வாரம் தங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டார். ஒரு வில்லியம்சன் காமிரா வாங்கினார். பிலிமில் துளை போடும் கருவியும் படத்தைப் பிரதி எடுக்கும் கருவியும் வாங்கினார்.

ஊர் திரும்பினால் கையில் பணம் இல்லை. சும்மா கேட்டால் யார் தருவார்கள்? பால்கே ஒரு வழி கண்டார். ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அதன் எதிரில் காமிராவை வைத்தார். பல நாட்கள் விட்டு விட்டுப் படம் எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிக் காட்டினார். விதை முளைத்தது, இலை விட்டது, கொடி ஆனது. ஒரு மாதத்தில் நடப்பது ஒரு நிமிடத்தில் நடந்தது. பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள். சிலர் கடன் கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் ஈடு வேண்டும். சரஸ்வதிபாய் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

சரஸ்வதிபாய் செய்த வேலை

அரிச்சந்திரன் கதையை எடுப்பது என்று முடிவாயிற்று. நடிக்க ஆள் தேடினார்கள். அந்தக் காலத்தில் நடிப்பு மதிப்பில்லாத தொழில். அதிலும் சினிமா என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாது. எங்கே வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், அரிச்சந்திரன் தொழிற்சாலையில் வேலை என்று சொல்லும்படி பால்கே தம் ஆட்களிடம் சொல்லிவைத்தார்.

சந்திரமதி வேடத்துக்குப் பெண் கிடைக்கவில்லை. மராத்தியில் அந்தப் பாத்திரத்துக்குத் தாராமதி என்று பெயர். நாடகத்தில் இருந்த பெண்கள் வரவில்லை. விலைமகளிர்கூட மறுத்துவிட்டார்கள். சரஸ்வதிபாயைக் கேட்டார். அவரும் மறுத்தார். மற்ற வேலைகளை எல்லாம் யார் செய்வது என்பது அவர் கேள்வி. கடைசியில் கிராண்ட் ரோட்டில் ஓர் உணவுக் கடையில் சமையல் வேலை பார்த்த இளைஞர் கண்ணில் பட்டார். பெயர் சாளுங்கே. மெலிந்த கை, மென்மையான முகம். கடையில் மாதம் பத்து ரூபாய் சம்பளம். பால்கே பதினைந்து ரூபாய் தருவதாகச் சொன்னார். சாளுங்கே தாராமதி ஆனார். பெண் வேடம் போட்ட மற்றவர்கள் மீசையை எடுக்க மறுத்தார்கள். தகப்பன் செத்தால்தானே மீசை எடுப்பது வழக்கம்! பால்கே அவர்களையும் அவர்கள் வீட்டாரையும் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

படப்பிடிப்புக்கு வாங்கணி என்ற கிராமத்துக்குப் போனபோது இன்னொரு வேடிக்கை. ஈட்டியும் வாளுமாக ஒரு கூட்டம் வந்து இறங்கியதைப் பார்த்த ஊரார் கொள்ளைக்காரர்கள் என்று பயந்துவிட்டார்கள். காவலர்கள் எல்லோரையும் பிடித்து வைத்தார்கள். பால்கே வந்து காமிராவைக் காட்டி விளக்கிய பிறகே விட்டார்கள்.

படத்தில் தெரிந்தவர்களின் கதை இது. படத்தில் தெரியாதவரின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தாதரில் பால்கேயின் வீடுதான் படக்கம்பெனி. அறுபது எழுபது பேர் வேலை செய்தார்கள். அத்தனை பேருக்கும் சமைத்தவர் சரஸ்வதிபாய். நடிகர்களின் உடைகளைத் துவைத்தவர் அவர். வெயிலில் மணிக்கணக்காக வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து நின்றவரும் அவர். அன்று மின் விளக்கு வைத்துப் படம் எடுக்கவில்லை. சூரிய ஒளிதான். நடிகரின் முகத்தில் நிழல் விழாமல் இருக்க வெள்ளைத் துணியில் வெயிலை வாங்கி முகத்தில் திருப்ப வேண்டும்.

இரவில் எல்லோரும் உறங்கியபின் அடுத்த வேலை. பிலிம் அன்று துளை இல்லாமல் வந்தது. வீட்டில்தான் துளை போட வேண்டும். வெளிச்சத்தில் போட முடியாது. வெளிச்சம் பட்டால் பிலிம் கருத்துப் போகும். ஆகவே இருட்டு அறை. கையால் தடவித் தடவி, பிலிமைக் கருவியில் நகர்த்தித் துளை போட வேண்டும். ஒரு துளை தள்ளிப் போனாலும் படம் ஆடும்.

எத்தனை துளை? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ராஜா ஹரிச்சந்திரா படத்தின் நீளம் ஏறக்குறைய 3,700 அடி. ஓர் அடிப் பிலிமில் 16 படம். ஆக 59,200 படம். ஒரு படத்துக்கு இரு ஓரமும் சேர்த்து 8 துளை. 59,200 × 8 = 4,73,600 துளைகள். இது காட்டிய படத்துக்கு மட்டும். எடுத்த படம் ஒன்று, அதிலிருந்து எடுத்த பிரதி ஒன்று. இரண்டுக்கும் துளை வேண்டும்.

பிறகு பிலிமைக் கழுவும் வேலை. மருந்துகளைக் கலக்க வேண்டும். அளவு மாறினால் படம் கெடும். இதையும் சரஸ்வதிபாய் கற்றுக்கொண்டார். பால்கேதான் கற்றுக்கொடுத்தார். இந்தியாவில் சினிமாத் தொழில் நுட்பம் கற்ற முதல் பெண்களின் பட்டியல் போட்டால் அவர் பெயர்தான் தலையில் வரவேண்டும். ஆனால் நெடுங்காலம் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

1913 ஏப்ரல் 21-ல் ஊர்ப் பெரியவர்களுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். மே 3-ல் கொரொனேஷன் கொட்டகையில் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். படம் ஓடியது. அரிச்சந்திரனின் மகனாக நடித்தவன் பால்கேயின் மகன் பாலச்சந்திரன். இதற்கு முந்திய ஆண்டே தோர்ணே என்பவர் ஒரு மேடை நாடகத்தைப் படம்பிடித்துக் காட்டியிருந்தார். அதனால் எது முதல் படம் என்று இன்றும் வாதம் செய்பவர்கள் உண்டு. நாடகத்தை அப்படியே பிடிக்காமல் படத்துக்கென்றே காட்சி அமைத்து எடுத்ததால் பால்கேயின் படத்தையே பெரும்பாலோர் முதல் கதைப்படம் என்கிறார்கள்.

அதே 1913-ல் பால்கே எடுத்த அடுத்த படத்தில் துர்காபாய் காமத் என்ற பெண்ணும் அவர் மகள் கமலாபாயும் நடித்தார்கள். தடை உடைந்தது. ஆனாலும் சாளுங்கேக்கு வேலை போகவில்லை. 1917-ல் வந்த லங்கா தகனம் படத்தில் இராமனும் அவரே, சீதையும் அவரே!

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கொட்டகையில் பின்பக்கம் சின்ன ஓட்டை வழியாக ஒளி வரும். அந்த அறையில் புரொஜக்டர் இருக்கும். அதை ஓட்டுபவர் ஆப்பரேட்டர்.

பிலிம் மேல் தட்டிலிருந்து இறங்கி, விளக்குக்கு முன்னால் போய், கீழ்த் தட்டில் சுற்றிக்கொள்ளும். பிலிம் நிற்காமல் ஓடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஓடினால் திரையில் வெறும் கோடுகள்தான் தெரியும். உண்மையில் பிலிம் விளக்குக்கு முன்னால் நின்று நின்று போகிறது. பல் சக்கரம் ஓரத் துளைகளில் மாட்டிப் பிலிமை இழுக்கும். ஒரு படம் வந்து நிற்கும். ஒளி பாயும். திரையில் படம் தெரியும். உடனே ஒரு தகடு சுழன்று வந்து ஒளியை மறைக்கும். அந்த இருட்டில் அடுத்த படம் இழுபட்டு வந்து நிற்கும். தகடு விலகும். மறுபடி ஒளி.

பேசும் படத்தில் இது ஒரு நொடிக்கு 24 முறை நடக்கிறது. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000 படங்கள். பிலிம் நீளம் 13,500 அடி. நாலு கிலோமீட்டருக்கு மேல். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் இடையிடையே இருட்டில்தான் இருக்கிறார். அது அவருக்குத் தெரிவதில்லை. கொள்ளிக்கட்டை வட்டம் நினைவிருக்கிறதல்லவா?

பேசாத படக் காலத்தில் காமிராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு ஏறக்குறைய 16 படம். சுற்றுபவரின் கை வேகத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். அந்தப் பழைய படங்களை இன்று 24 வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் குடுகுடுவென்று ஓடுவது போலத் தெரியும். அந்தக் காலத்து மக்கள் அப்படி நடக்கவில்லை. தவறு வேகத்தில் இருக்கிறது.

படம் பேசியது

பேசாத படத்துக்கும் சத்தம் இருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும் வாசிப்பார்கள். திரையில் எழுத்து வரும்போது ஒருவர் உரக்கப் படித்துக் கதை சொல்வார். கொட்டகைக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே அவர் இல்லாமல் படம் நடக்காது.

பிறகு பிலிமின் ஓரத்திலேயே ஒலியைப் பதிக்கும் முறை வந்தது. மைக்கில் பேசும் ஒலி மின்சாரமாக மாறும். அந்த மின்சாரம் ஓர் ஒளியைக் கூட்டிக் குறைக்கும். அந்த ஒளி பிலிம் ஓரத்தில் மெல்லிய கோடாகப் பதியும். கொட்டகையில் அந்தக் கோட்டின் வழியே ஒளியைச் செலுத்தினால், ஒளி மறுபடி மின்சாரம் ஆகும், மின்சாரம் ஒலிபெருக்கியில் பேச்சாகும்.

1931 மார்ச் 14-ல் பம்பாய் மெஜஸ்டிக் கொட்டகையில் ஆலம் ஆரா வந்தது. இந்தியாவின் முதல் பேசும்படம். எடுத்தவர் அர்தேஷிர் இரானி. அவரது கூடத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதை. பகலில் எடுத்தால் ரயில் சத்தமும் பதிந்துவிடும். ஆகவே ரயில் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகு எடுத்தார்கள். மைக்கை நடிகர்களுக்கு அருகில் ஒளித்து வைத்தார்கள். வாத்தியக்காரர்களும் காமிரா கண்ணில் படாமல் ஒளிந்திருந்து வாசித்தார்கள். கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. நாலணா டிக்கட் வெளியே நாலு, ஐந்து ரூபாய்க்கு விலை போனது. அதே ஆண்டு அக்டோபர் 31-ல் சென்னையில் காளிதாஸ் வந்தது. அதையும் இரானியின் கம்பெனிதான் பம்பாயில் எடுத்தது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், பாடினார். மற்றவர்களில் சிலர் தெலுங்கில் பேசினார்கள்!

படம் பேசத் தொடங்கியதும் பலர் வாயடைத்துப் போனார்கள். கொட்டகையில் வாசித்தவர்களுக்கும் கதை சொன்னவர்களுக்கும் வேலை இல்லை. பேசாத படத்தில் புகழ் பெற்ற சுலோச்சனா என்ற நடிகைக்கு இந்துஸ்தானி சரியாக வராது. நடிப்பதை நிறுத்திவிட்டு மொழியைப் படித்தார். பிறகு திரும்பி வந்தார். எல்லோராலும் அப்படி வரமுடியவில்லை. பால்கேயும் பின்தங்கினார். ஒரே ஒரு பேசும்படம், 1937-ல் கங்காவதரணம். அதோடு சரி. 1944-ல் நாசிக்கில் அவர் இறந்தபோது படத்தொழில் அவரை மறந்தே போயிருந்தது. அவர் பெயரில் அரசு விருது வந்தது 1969-ல்.

எரிந்ததும் விற்றதும்

இன்று ஆலம் ஆரா படத்தைப் பார்க்க முடியுமா? முடியாது. ஒரு பிரதிகூட இல்லை. காளிதாசும் இல்லை. பேசாத படங்கள் இந்தியாவில் 1,300-க்கு மேல் எடுத்தார்கள். துண்டு துணுக்குகளையும் சேர்த்து இன்று இருப்பவை ஏறக்குறைய முப்பது.

எங்கே போயின? முதல் காரணம் பிலிம். அந்தக் காலப் பிலிம் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. வெடிமருந்துக்கு உறவுக்காரப் பொருள். சூட்டில் தானே பற்றிக்கொள்ளும். பற்றினால் மண்ணைப் போட்டாலும் அணையாது, தண்ணீருக்குள்ளும் எரியும். எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதற்குள்ளேயே இருக்கிறது. எரியாவிட்டாலும் காலப்போக்கில் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். 1950 வாக்கில் இந்தப் பிலிமைச் செய்வதை நிறுத்தினார்கள். எஞ்சியிருந்தவற்றிலும் ஒரு பகுதி 2003 ஜனவரியில் புனே நகரில் நடந்த தீ விபத்தில் போனது.

இரண்டாவது காரணம் மனிதர்கள். படம் ஓடி முடிந்தபின் அந்தப் பெட்டிகளுக்கு மதிப்பில்லை. பிலிமில் வெள்ளி உண்டு. படத்தைக் கழுவி வெள்ளியைப் பிரித்து விற்றார்கள். மிச்சப் பிலிம் வளையலாகவும் கைப்பையாகவும் ஆனது. எந்த நடிகரின் முகம் யார் கையில் வளையலாகக் கிடந்ததோ!

இப்படிப் போன படங்களில் ஒன்று விகதகுமாரன். கேரளத்தின் முதல் கதைப்படம். எடுத்தவர் ஜே.சி. டேனியல். கன்னியாகுமரிப் பக்கம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். நாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி. புல் அறுத்துப் பிழைத்த தலித் பெண். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம். திருவனந்தபுரத்தில் படம் திரையிட்டபோது மேல்சாதிக்காரர்கள் அதைப் பொறுக்கவில்லை. கல் எறிந்தார்கள். திரை கிழிந்தது. ரோசி ஊரை விட்டே ஓட வேண்டியிருந்தது. பிறகு தமிழ்நாட்டில் வாழ்ந்தார். நடிக்கவே இல்லை. அவர் எப்படி நடித்தார் என்று பார்க்க இன்று ஒரு துண்டுப் பிலிமும் இல்லை. ஊர் அவரைத் துரத்தியது. காலம் அவர் படத்தையும் அழித்துவிட்டது.

சில படங்கள் தப்பித்த விதம் விசித்திரமானது. மார்த்தாண்ட வர்மா என்ற பேசாத படம் 1933-ல் வந்தது. ஒரு நாவலைத் தழுவிய படம். நாவலின் உரிமை வைத்திருந்த புத்தகக் கடைக்காரர் வழக்குப் போட்டார். படம் அவர் கைக்குப் போனது. காட்டவும் முடியாமல், விற்கவும் முடியாமல் புத்தகக் கடையில் கிடந்தது. நாற்பது ஆண்டுக்குப் பிறகு பெட்டியைத் திறந்தால் படம் இருந்தது! வழக்கு வந்ததால் படம் பிழைத்தது என்றுதான் சொல்லவேண்டும்.

தேடிப் போனவர்

1964-ல் இந்திய அரசு புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியது. புத்தகத்துக்கு நூலகம் இருப்பது போலப் படத்துக்கு ஒரு நூலகம். அங்கே வேலைக்குச் சேர்ந்த பி.கே. நாயர் 1991-ல் ஓய்வு பெறும் வரை படங்களைத் தேடிக்கொண்டே இருந்தார். பழைய கொட்டகைகள், கிடங்குகள், தயாரிப்பாளர் வீட்டுப் பரண்கள் என்று போகாத இடம் இல்லை. நல்ல படம், மோசமான படம் என்று அவர் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எது நல்லது என்று பிறகு வருபவர்கள் முடிவு செய்துகொள்ளட்டுமே.

ராஜா ஹரிச்சந்திராவில் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் அவருக்குக் கிடைத்தன. அவைகூட 1913-ல் எடுத்தவை அல்ல, 1917-ல் பால்கே மறுபடி எடுத்தவை என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் சரஸ்வதிபாய் இருட்டில் துளை போட்ட அந்த முதல் பிலிம் முழுவதுமே போய்விட்டது.

இப்போது படம் எடுக்கப் பிலிம் வேண்டியதில்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் நாட்டுக் கொட்டகைகளில் பிலிம் புரொஜக்டர்கள் மூலைக்குப் போயின. படம் எண்களாக மாறிக் கணினித் தகட்டில் வந்தது. துளை இல்லை, ரீல் இல்லை, தீப்பிடிக்கும் பயமும் இல்லை. நொடிக்கு 24 படம் என்ற கணக்கு மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஆனால் இந்தத் தகடுகளும் சாகாதவை அல்ல. சில ஆண்டுகளில் பழுதாகும். அல்லது அதைப் படிக்கும் கருவி வழக்கொழிந்து போகும். அதனால் காப்பகத்தில் இருப்பவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய தகடுகளுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல பிலிமைக் குளிரும் உலர்வும் உள்ள அறையில் வைத்தால் நூறாண்டு தாங்கும். அதனால் பிலிமையும் அவர்கள் எறிந்துவிடுவதில்லை.

பால்கேயின் குடும்பத்தாரிடமிருந்தும் நாயர் பிலிம் துண்டுகளைப் பெற்றார். 1919-ல் வந்த காளிய மர்த்தனம் படத்தின் துண்டுகள் அவற்றில் இருந்தன. வரிசை கலைந்து கிடந்தன. பால்கே தம் கைப்பட எழுதிவைத்த குறிப்புகளை வைத்து, எது முன்னே, எது பின்னே என்று பார்த்து ஒட்டினார்கள். படத்தின் பெரும்பகுதி மீண்டும் உருப்பெற்றது.

அதில் குழந்தைக் கிருஷ்ணனாக நடித்தவள் பால்கேயின் மகள் மந்தாகினி. படம் தொடங்கும்போது கதை தொடங்குவதில்லை. முதலில் அந்தச் சிறுமியின் முகம் மட்டும் திரையில் வருகிறது. சிரிக்கிறாள். கோபப்படுகிறாள். வியக்கிறாள். அதற்குப் பிறகுதான் வேடம் போட்டுக்கொண்டு கிருஷ்ணனாக வருகிறாள்.